துல்லியத் துப்பாக்கித் தொழில்

துல்லியத் துப்பாக்கித் தொழில் என்பது துப்பாக்கியின் குழல், தோட்டா அறை, விசை, கட்டை ஆகியவற்றை நுண்ணளவில் பொருத்திச் சீர்செய்யும் கம்மியத் தொழில். ஒரே குறிக்குச் சுடும் குண்டுகள் அத்தனையும் ஒரே இடத்தில் விழச் செய்வது இதன் நோக்கம். இன்று இதற்கு முக்கியக் களம் விளையாட்டு. ஒலிம்பிக் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் குண்டின் விட்டம் 4.5 மி.மீ.; பத்துப் புள்ளிக்குரிய மையமோ வெறும் 0.5 மி.மீ. சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது இந்தப் பிரிவில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனின் களமும் இதுவே.

மலாய் உலகின் மரபு

1511இல் மலாக்கா போர்த்துக்கீசியரிடம் வீழ்ந்ததும் மலாக்கா அரச குடும்பம் இன்றைய மலேசியாவிலுள்ள மூவார் ஆற்றுப் பகுதிக்குப் பின்வாங்கியது. பாகோவும் பெந்தாயானும் அக்கால எதிர்ப்போடு தொடர்புடைய இடங்கள். பின்னர் மலாய் உலகில் பரவிய ‘இஸ்திங்கார்’ தீத்திரித் துப்பாக்கியில் போர்த்துக்கீசியத் தொடர்பின் தடம் உண்டு. விசையை அழுத்தினால், எரியும் திரியைப் பிடித்த கொக்கி மருந்துக் கிண்ணத்தின் மேல் சட்டெனச் சாயும்.

சுமத்திராவின் மினாங்கபாவ் கொல்லர்கள் துப்பாக்கி செய்வதில் பெயர் பெற்றவர்கள். மூவார் ஆற்றின் மேற்படுகையான நெகிரி செம்பிலானில் குடியேறியவர்களும் மினாங்கபாவ் மக்களே. அந்தக் கொல்லர்கள் தட்டை இரும்புப் பட்டையை உருண்டைக் கம்பியின் மேல் சுருளாகச் சுற்றி, ஒன்றாக இணையும்வரை அடித்துக் குழல் செய்ததாக வில்லியம் மார்ஸ்டன் தாம் 1783இல் வெளியிட்ட சுமத்திரா வரலாற்றில் பதிவு செய்தார். பட்டையை நீளவாக்கில் மடித்து ஒட்டினால், வெடியழுத்தம் அந்த ஒரே மூட்டைப் பிளக்கலாம். சுருளில் அந்த ஆபத்து குறைவு. ஆனால் குழலின் உட்புறத்தைத் துளைத்துச் சீராக்கும் கலை அவர்களிடம் இல்லை என்றே மார்ஸ்டன் கருதினார். வலிமைக்கும் துல்லியத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது.

அளவீட்டின் வருகை

அந்த இடைவெளியை நிரப்பியது அளவீடு. திருகுமரைகளுக்கு 1841இல் பொது அளவு வகுத்த ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த், 1850களில் துப்பாக்கிக்கு வந்தார். அறுகோண உட்குழல் கொண்ட அவருடைய துப்பாக்கி 1857 சோதனைகளில் அன்றைய பிரிட்டிஷ் படையின் என்ஃபீல்டு துப்பாக்கியைத் தெளிவாக விஞ்சியது.

கருவிகளும் முறைகளும்

புதிதாகத் தொடங்குபவர் முதலில் வாங்க வேண்டியவை அளவுக் கருவிகள்: மைக்ரோமீட்டர், டயல் இண்டிகேட்டர், தோட்டா அறையின் ஆழத்தைச் சோதிக்கும் ‘கோ’, ‘நோ-கோ’ கேஜ்கள். அளக்கத் தெரியாதவருக்கு விலையுயர்ந்த எந்திரமும் உதவாது. லேத் தேர்ந்தெடுக்கும்போது குதிரைத் திறனைவிட, சுழல்தண்டின் ஆட்டம் எவ்வளவு குறைவு, அதன் நடுத்துளைக்குள் குழல் நுழையுமா என்பவற்றையே பார்க்க வேண்டும்.

குழலை லேத்தில் மையப்படுத்தும்போது வெளிப்பரப்பை நம்பக் கூடாது. துளையும் வெளிப்பரப்பும் ஒரே மையத்தில் அமைவது அரிது. உட்துளையில் இண்டிகேட்டர் வைத்தே சரிபார்க்க வேண்டும். தோட்டா அறை ஆழம் மிஞ்சினால் தோட்டாவின் பித்தளை உறை கிழிந்து, சுடுபவரின் முகத்தை நோக்கி வாயு பீறிடலாம். குழல் பொருந்தியிருக்கும் இயக்கப் பகுதியும் (ஆக்‌ஷன்) கட்டையும் சேரும் இடத்தில் இடைவெளி இருந்தால் ஒவ்வொரு சூட்டிலும் குறி நகரும். அதனால் அங்கே பிசின் ஊற்றிப் படிய வைப்பது வழக்கம். மூவார் போன்ற ஈரப்பதம் மிக்க ஊர்களில் மரக்கட்டை உப்பிச் சுருங்கும் என்பதால் இந்த வேலை கூடுதல் கவனம் கேட்கும்.

பயிற்சியும் சட்டமும்

ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் பயிற்சியே இத்தொழிலின் நேர்வழி. 1966இல் உருவான திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை இந்தியாவில் இத்துறையின் முக்கிய நிலையங்களுள் ஒன்று. மலேசியாவில் சிலாங்கூரின் பத்து ஆராங்கில் ஆயுதம் தயாரிக்கும் எஸ்.எம்.இ. ஆர்ட்னன்ஸ் நிறுவனம் இயங்குகிறது.

மலேசியாவில் ஆயுதச் சட்டம் 1960, துப்பாக்கி (கூடுதல் தண்டனை) சட்டம் 1971 ஆகியவை துப்பாக்கிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகின்றன. இந்தியாவில் ஆயுதச் சட்டம் 1959இன்படி தயாரிப்புக்கு மட்டுமல்ல, பழுது பார்க்கவும் உரிமம் வேண்டும். ஆகவே மூவாரில் இருந்து இத்தொழிலை விரும்பும் இளைஞர், உரிமமில்லாமல் வீட்டுப் பட்டறையில் துப்பாக்கியைத் தொடக் கூடாது. லேத் வேலையையும் அளவீட்டையும் முறையாகக் கற்று, உரிமம் பெற்ற நிறுவனத்தில் சேர்வதே சரியான தொடக்கம்.