இடுகிற கையும் ஏற்கிற வயிறும்

டிராம்பே குன்றின் அடிவாரத்தில், அணு ஆராய்ச்சியின் பொருட்டு நாட்டின் நானா திசைகளிலிருந்தும் வந்த குடும்பங்களுக்காக எழுப்பப்பட்ட அணுசக்தி நகருக்குச் சமீபத்தில், செம்பூர் வட்டாரத்திலே, பாஞ்ஜரபோல் என்று ஒரு சந்திப்பு உண்டு. அவ்வழியே தினந்தோறும் போய் வருகிறவர்களில், அப்பெயர் தாங்கிய தரும ஸ்தாபனம் தெருநாய்களை முன்னிட்டு மூண்ட ஒரு கலகத்தை அடுத்துத் தோன்றியது என்பதை அறிந்தவர்கள் சிலரே. நாய்க்கு உணவிடுவதில் பம்பாய் என்னும் இந்நகரத்துக்கு நெடிய சரித்திரம் இருக்கிறது. அதை அறிந்துகொள்வது, வயிற்று உபாதையால் துவண்டு கிடக்கும் நாய்க்குட்டிக்கு எதைக் கொடுப்பது என்று திகைத்து நிற்கிற ஒரு குடும்பத்துக்கும் பிரயோஜனப்படும் என்பது நமது நம்பிக்கை.

கம்பெனி ஆட்சிக் காலத்தில், வெயில் மாதங்களில் பம்பாயின் தெருநாய்களைக் கொன்றுவிடும்படி உத்தரவு இருந்தது. கொன்ற நாய் ஒன்றுக்கு 8 அணா வெகுமதியும் உண்டு. அந்தக் காசுக்கு ஆசைப்பட்டவர்கள் வீட்டு வாசலில் படுத்திருந்த வளர்ப்பு நாய்களையும் விட்டுவைக்கவில்லை. 1832 ஜூன் 6ஆம் தேதி, பார்சிகள் புனிதமாகக் கருதிய ஒரு தினத்தில் இந்த வேட்டை நடந்தபோது, அதுவரை அரசுக்கு இணக்கமான சமூகம் என்று பெயர் பெற்றிருந்த பார்சிகள் திரண்டெழுந்து காவலர்களை எதிர்த்தார்கள். மறுநாள் கடைகள் அடைபட்டன; ஹிந்துக்களும் ஜைனர்களும் சேர்ந்துகொண்டார்கள்; கோட்டையிலிருந்த ராணுவத்துக்கு உணவுப் பண்டங்கள் போய்ச் சேருவதும் தடைப்பட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1834 அக்டோபர் 18 அன்று, பார்சி வணிகரான ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயும் ஜைன வணிகரான மோதிசந்த் அமிசந்தும் ஒன்றுகூடி, கேட்பாரற்ற பிராணிகளுக்குப் புகலிடமாகப் பாஞ்ஜரபோலை நிறுவினார்கள்.

பார்சிகளின் இந்த ஆவேசத்துக்கு மூலம் அவர்களுடைய வேதத்திலேயே இருக்கிறது. வெந்திதாத் என்னும் அவர்களது தரும நூல், 13ஆம் அதிகாரத்தில் நாய்க்கு உரிய ஆகாரம் இன்னதென்று வகுத்து, பாலையும் கொழுப்பையும் இறைச்சியையும் சொல்கிறது. 15ஆம் அதிகாரத்தில், கடிக்கவொண்ணாத கடின எலும்பையும் வாய் பொறுக்காத சூட்டோடு கூடிய உணவையும் நாய்க்கு இடுவதைப் பாவங்களின் வரிசையில் சேர்த்து, ஈன்ற தாய்நாயையும் அதன் குட்டிகளையும் அவை தாமே பிழைக்கும் பருவம் வரையில் பேணுவது மனிதனின் கடமை என்றும் விதிக்கிறது. நாய்க்கு உணவிடு என்று சொல்வதோடு நில்லாமல், அதன் பல்லும் வாயும் தாங்கக்கூடிய உணவை இடு என்று சொன்ன அந்தப் பழைய சமூகத்தின் நுண்ணறிவு நம்மை வியக்க வைக்கிறது. டிராம்பேயில் 1954ஆம் ஆண்டில் அணுசக்தி நிலையத்தைத் தோற்றுவித்த ஹோமி பாபாவும் அந்தப் பார்சி சமூகத்தில் பிறந்தவரே.

மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும், பின்னர் அணுசக்தி நகரின் குடியிருப்புகளிலும் வாழ்வை அமைத்துக்கொண்ட தமிழர்கள், தங்களுடன் வேறொரு வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். காக்கைக்கும் நாய்க்கும் ஒரு பிடி அன்னம் ஒதுக்குவதை நமது முன்னோர் நித்திய தருமமாகவே கொண்டிருந்தனர். தென்பாண்டிச் சீமையில் சிப்பிப்பாறை, கன்னி முதலிய வேட்டை நாய்களை வளர்த்தவர்கள், தாங்கள் குடித்த கம்பங்கூழையும் கேப்பைக் கூழையுமே அவற்றுக்கும் ஊற்றினார்கள். அரிசி உண்ட வீடுகளில் பழையதும் மோர்சாதமும் நாய்க்குப் பங்காயின. தானியம் நாயின் இயல்புக்கு ஒவ்வாதது என்று இக்காலத்தில் சிலர் வாதிப்பதுண்டு. ஆனால் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று, மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகளாகவே இருக்க, நாயிடம் பல மடங்கு பெருகியிருப்பதைக் காட்டிற்று. மனிதனோடு கூடி வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நாயின் குடலும் நமது சோற்றுக்குப் பழகிவிட்டது என்பதே அதன் கருத்து.

எனினும் பழக்கம் என்ற ஒன்றே போதுமான நியாயமாகிவிடாது. இலண்டன் துறைமுகத்தில் கப்பல் ரொட்டியை நாய்கள் தின்பதைக் கண்ட ஜேம்ஸ் ஸ்பிராட் என்னும் அமெரிக்கர், 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோதுமையும் காய்கறியும் மாட்டிரத்தமும் சேர்த்து நாய்களுக்கென்றே பிஸ்கட் செய்து விற்கத் தொடங்கியதிலிருந்து, நாயின் உணவு வீட்டு மிச்சம் என்ற நிலை மாறி ஒரு தனித் தொழிலாயிற்று. பம்பாயிலே 1874இல் பிராணிவதைத் தடுப்புச் சங்கம் தோன்றியது. அதைத் தொடர்ந்து பரேலில் பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் பிராணிகள் மருத்துவமனை எழுந்தது. 1886இல் அதன் வளாகத்திலேயே கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆரம்பமாயிற்று. நாய்க்கும் நோய் உண்டு, நோய்க்குக் காரணம் உண்டு, காரணமறிந்து பத்தியம் வகுக்கலாம் என்ற ஞானம் இந்நகரத்தில் வேரூன்றியது இவ்வாறுதான்.

அந்த ஞானம் இன்று நமக்குச் சொல்வது என்ன? தாய்நாயின் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலில் உள்ளதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. பால் சர்க்கரையோ குறைவு. பால்குடி மறந்த குட்டிக்கு அச்சர்க்கரையைச் செரிக்கும் திறனும் நாளடைவில் குறைந்துவிடுகிறது. ஆகவே அன்பு மிகுதியால் நாம் கிண்ணம் நிறைய வார்க்கும் பசும்பாலே பல குட்டிகளின் பேதிக்குக் காரணமாகிறது. பாலைப் பற்றிய மட்டில் வெந்திதாத் என்ற பழைய நூலின் விதியும் திருத்தம் பெற வேண்டியதே. பாலில் தோய்த்த குளுக்கோஸ் பிஸ்கட்டையே ஆகாரமாக்குவதும், சாம்பார் சாதத்தைப் பிசைந்து வைப்பதும் தகா. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை, திராட்சையும் சாக்லேட்டும் நஞ்சு.

வயிறு கெட்ட குட்டிக்கு, குழைய வடித்த சோற்றோடு, தோலும் எலும்பும் நீக்கி, எண்ணெயும் மசாலாவுமின்றி வேகவைத்த கோழி இறைச்சியை மசித்து, சிறிது சிறிதாக நாளொன்றுக்கு நான்கைந்து வேளை கொடுப்பது உசிதம். சுத்தமான நீர் எப்போதும் அருகில் இருக்க வேண்டும். பெரிய நாயைப்போலக் குட்டியை நெடுநேரம் பட்டினி போடலாகாது; அதன் உடலில் சேமிப்பு சொற்பம். இந்தப் பத்தியம் சில நாட்களுக்கே உரியது, ஏனெனில் எலும்பு வளர வேண்டிய அளவு சுண்ணாம்புச்சத்து இதில் இல்லை. உடல் தேறியபின், குட்டிகளுக்கென்று சமன்செய்த உணவுக்கு மாற்றும்போது, முதலில் கால் பங்கு, பிறகு அரைப் பங்கு, பிறகு முக்கால் பங்கு என்று ஒரு வார காலத்தில் படிப்படியாக மாற்றுவதே முறை. ஒரே நாளில் மாற்றினால், நல்ல உணவும் கெடுதியே செய்யும்.

ஆனால் எல்லா வயிற்றுக் கோளாறும் உணவால் விளைவதன்று. தாயின் உடலிலிருந்தே குட்டிக்கு வந்து சேரும் வட்டப் புழுக்கள் ஒரு காரணம். 1978 முதல் உலகெங்கும் பரவிய பார்வோ வைரஸ் மற்றொன்று. வாந்தி நிற்காவிட்டாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், குட்டி நீரையும் மறுத்துச் சோர்ந்து கிடந்தாலும், சமையலறையில் பரிகாரம் தேடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

நாயின் உயிருக்காக இந்நகரம் ஒரு காலத்தில் கடையடைத்துப் போராடியது. அந்த ஜீவகாருண்யத்துக்கு வாரிசாகிய நாம், கையில் அகப்பட்டதை இடுவதோடு கடமை முடிந்ததென்று கருதலாகாது. அணுசக்தி நகரிலோ வேறெங்கோ நாய்க்குட்டி வளர்க்கும் ஒவ்வொரு குடும்பமும், குடற்புழு மருந்தையும் தடுப்பூசியையும் காலம் தவறாமல் கொடுத்து, குட்டியின் வயதையும் வயிற்றையும் அறிந்து ஆகாரம் இட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.