இளங்கோள்களின் பருமன்: விண்மீன் ஊட்டிய வெப்பமா, பிறவி வெப்பமா?

இளம் விண்மீன்களை நெருங்கிச் சுற்றும் சில புறக்கோள்கள் வியாழன் அளவுக்குப் பருத்துள்ளன. விண்மீனின் காந்தச் சீற்றமும் எக்ஸ் கதிர்களும் அவற்றைச் சூடாக்கி உப்பச் செய்கின்றன என்பது ஒரு விளக்கம். அண்மைக்கால நிறை அளவீடுகள் இதற்கு இடம் தரவில்லை. இப்பருமன் பெரும்பாலும் பிறவி வெப்பத்தின் எச்சம். விண்மீனின் சீற்றமோ அதைக் கரைக்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதற்சான்று, 2020இல் டெஸ் விண்கலத் தரவிலிருந்து அறிவிக்கப்பட்ட எச்.ஐ.பி. 67522 பி. அகவை ஏறத்தாழ 1.7 கோடி ஆண்டு. சுற்றுக்காலம் 7 நாள். ஆரம் புவியினதைப் போல் 10 மடங்கு, அதாவது ஏறக்குறைய வியாழன் அளவு. சீற்றம் மிக்க விண்மீனின் ஒளியில் கோளின் இழுவிசையைப் பிரித்தறிவது கடினம். ஆகவே ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் நிறமாலை வேறு வழி காட்டியது. ஈர்ப்பு குன்றினால் வளிமண்டலம் உயர்ந்து விரியும்; நீராவி, கார்பன் டை ஆக்சைடு ஆகியவற்றின் தடங்கள் வலுவாகப் பதியும். அவ்வலுவிலிருந்து பெற்ற நிறை, புவியைப் போல் சுமார் 14 மடங்கே. வியாழனுக்கோ 318 மடங்கு. கோளின் அடர்த்தி நீரினதில் பத்திலொரு பங்கைக்கூட எட்டவில்லை.

விண்மீனின் ஒளிவெப்பமே இதை உப்பச் செய்திருக்கலாமே என்ற மறுப்பு எழும். வெப்ப வியாழன்கள் அவ்வாறு உப்புவது உண்மை. ஆனால் சமநிலை வெப்பநிலை ஏறத்தாழ 1000 கெல்வினைத் தாண்டினால்தான் அவ்விளைவு தென்படுகிறது. எச்.ஐ.பி. 67522 பி அவ்வரம்பைச் சற்றே தாண்டியிருப்பதால், அதை மட்டும் கொண்டு வழக்கு முடியாது. முடிவு சொல்வது மற்றோர் இளங்கோளான வி1298 டாரி பி. 24 நாளில் சுற்றும் இக்கோள் அவ்வரம்புக்கு வெகு கீழே உள்ளது. ஆயினும், கோள் விண்மீனின் முகப்பைக் கடக்கும் நேரத்தில் தோன்றும் மாறுபாடுகளிலிருந்து கணிக்கப்பட்ட அதன் நிறையும் பருமனுக்குப் பொருந்தாத அளவுக்குச் சிறிது. இரண்டுக்கும் பொதுவானது இளமை. உருவானபோது சேர்ந்த வெப்பம் ஹைட்ரஜன் உறையிலிருந்து இன்னும் வெளியேறி முடியவில்லை. உறையும் சுருங்கி முடியவில்லை.

எக்ஸ் கதிர்களும் மிகைப் புறஊதாக் கதிர்களும் வளிமண்டலத்தின் மெல்லிய உச்சியிலேயே உறிஞ்சப்படுகின்றன. அவ்வாற்றல் கோளின் ஆழத்தை எட்டுவதில்லை. உச்சி வளியை விண்வெளிக்குத் துரத்துவதில் செலவாகிறது. 2025இல் வெளியான ஆய்வு, எச்.ஐ.பி. 67522 விண்மீனின் சுடர்வெடிப்புகள் கோள் அதன் முகப்பைக் கடக்கும் காலத்தையொட்டிக் குவிவதைக் காட்டியது. கோள் தன்மேல் பாயும் கதிர்வீச்சைத் தானே தூண்டிக்கொள்கிறது.

இத்துணிபுக்கு எல்லை உண்டு. வியாழனைப் போல் மூன்று மடங்குக்கும் மேற்பட்ட நிறையும் 1.5 மடங்கை நெருங்கும் ஆரமும் கொண்ட கோரோட்-2 பி நிறை மிக்க கோள். அதன் உப்பலுக்குத் தனி விளக்கம் வேண்டும். ஒரே பருமனுக்குள் இருவேறு வகைக் கோள்கள் ஒளிந்திருக்கின்றன என்பதையே இது உணர்த்துகிறது.

ஆகவே, நிறை தெரியாமல் ஆரத்தை மட்டும் கண்டு ஓர் இளங்கோளைப் பெருங்கோள் என வகைப்படுத்தலாகாது. வெப்பமும் வளியும் இழந்தபின் எச்.ஐ.பி. 67522 பி நெப்டியூன் அளவுக்கோ அதனினும் சிறிதாகவோ ஒடுங்கக்கூடும். நாம் காண்பது பெருங்கோள் அன்று. சிறுகோளமாக முதிரவிருக்கும் ஓர் உலகின் பிள்ளைப் பருவம்.