'நியூமாட்டிக்' என்னும் சொல்

தோட்ட ஆபீசில் சாமான் புத்தகத்தில் 'நியூமாட்டிக் டயர்' என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். இங்கிலீஷில் படித்த கிராணியாகிய நமக்கு அதன் அர்த்தத்தை விசாரிக்கத் தோன்றியதேயில்லை. டிராக்டர் பழுதுபார்க்கும் பையன் ஒருவன் கேட்டபோதுதான் விழித்தோம்.

கிரேக்கரின் 'நியூமா' மூச்சையும் காற்றையும் உயிரையும் ஒருங்கே குறிப்பது. கிறிஸ்தவ வேதத்தின் கிரேக்க மூலத்தில் பரிசுத்த ஆவிக்கும் அதுவே பெயர். நமது 'ஆவி'யும் அத்தகையதே: மூச்சுமாம், உயிருமாம், கொதிநீரின் புகையுமாம். இதில் ஒருவரிடம் ஒருவர் கடன் வாங்கியதாக எண்ண வேண்டுவதில்லை. செத்தவனிடம் மூச்சு நின்றதைக் கண்ட எந்த ஜனமும் காற்றையே உயிரென்று கருதியிருக்கும்.

மத நூலில் ஆவியைக் குறித்த சொல் பின்னர் பரிசோதனைச் சாலைக்கும் வந்தது. காற்றின் பாரமே குழாயிலுள்ள பாதரசத்தைத் தாங்குகிறதென்று டாரிசெல்லி 1644ல் கடிதமொன்றில் விளக்கினார். ராபர்ட் பாயில் தாம் கையாண்ட காற்றுப் பம்பை 1660ல் 'நியூமாட்டிக்கல்' யந்திரம் என்றார். சொல்லிலிருந்து உயிர் போயிற்று. காற்றும் அழுத்தமும் நின்றன.

காற்றுச் சக்கரத்துக்கு 1845ல் தாம்சன் என்பார் உரிமை பெற்றும் அது பரவவில்லை. 1888ல் பெல்பாஸ்டில் மாட்டு வைத்தியரான டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதை மறுபடி கண்டார். சைக்கிளும், பின்னர் மோட்டாரும் ரப்பருக்கு அலைந்தன. 1877லேயே கோலகங்சாரில் நடப்பட்டு, வெகுகாலம் கவனிப்பாரற்றிருந்த கன்றுகளின் ஜாதிக்கு அப்போதுதான் யோகம் பிறந்தது. காற்றை அடைக்கப் பால் வேண்டியிருந்தது. பால் வெட்ட ஆள் வேண்டியிருந்தது. கங்காணிமார் நம் பாட்டன் பாட்டிமாரைக் கப்பலேற்றினர். ஈப்போவைச் சுற்றிலும் சுங்கை சிப்புட்டிலும் விடியுமுன் பிரட்டுக்கு நின்று மரம் வெட்டியவர்கள் அவர்களே. அச்சொல்லின் சரித்திரம் எழுதுவோர் கிரேக்கரைச் சொல்வர், டன்லப்பைச் சொல்வர். மங்கு ஏந்தியவரைச் சொல்லக் காணோம்.

இனித் தமிழில் என்னவென்பது? 'காற்றடைத்த' என்பது போதாது. பலூனும் காற்றடைத்ததே. வெளிக்காற்று சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 ராத்தல் அழுத்துகிறது. மோட்டார் டயரினுள் அதற்கு மேலும் சுமார் 30 ராத்தல் அழுத்தம் ஏற்றப்படுகிறது. வண்டியைத் தாங்குவது அந்த அழுத்தமேயன்றி வெறும் காற்றன்று. 'வளியழுத்த' என்றால் அர்த்தம் சரியே, ஆனால் பட்டறையில் ஒருவனும் சொல்லமாட்டான்.

லயத்து ஜனங்களோ டயருக்குக் காற்று 'அடிக்கிறார்கள்'. பம்பின் பலம் முழுவதும் அந்த வினையில் இருக்கிறது. பண்டிதர்கள் கோபித்தாலும் 'காற்றடித்த டயர்' என்பதையே பாடப்புத்தகத்தில் சேர்க்கலாமென்போம். பையனிடம் இதைச் சொன்னோம். "அதைத்தானே ஐயா, நாங்கள் தினமும் சொல்லுகிறோம்!" என்று பம்பை எடுத்துக்கொண்டு செம்பனைக் காட்டுக்குப் போய்விட்டான்.