கூலி மிஷனும் கோயில் நிலமும்: மாத்தளை மலைச்சரிவுகள் குறித்து

குடியேற்றவாத வரலாற்றில் மிஷனின் பங்கினை ஆராய்வோர் வேதாகம மொழிபெயர்ப்பு, பாடசாலை, அச்சுக்கூடம் என்பவற்றோடு நின்றுவிடுதலே பெருவழக்கு. வழிபாட்டில்லம் யாருடைய நிலத்தில் எழுந்தது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. இலங்கை மலையகத்தைப் பொறுத்தவரை அதுவே முதல் வினாவாதல் வேண்டும்.

சர்ச் மிஷனரி சங்கம் 1814-இல் நியூசிலாந்திலும் 1818-இல் இலங்கையிலும் பணி தொடங்கியது. சங்கம் ஒன்றே, ஆனால் அது கால்வைத்த சமுதாயங்களின் நில உறவுகள் வேறு. 1840-இல் மாவோரித் தலைவர்களும் பிரித்தானிய முடியும் செய்துகொண்ட வைத்தாங்கி உடன்படிக்கை, மாவோரியர் நிலவுரிமைக்கு எழுத்தளவிலேனும் உறுதி தந்தது. அதே 1840-இல் இலங்கையில் இயற்றப்பட்ட 12-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமோ, உரிமை நாட்டவியலாத காடும் தரிசும் முடிக்கே உரியன எனக் கொண்டது. கண்டிச் சிங்கள விவசாயியின் சேனைக் காடுகள் இவ்வாறே கோப்பித் தோட்டங்களாயின. அவற்றை வாங்கியோருள் ஆளுநரும் இருந்தார், குருமாரும் இருந்தனர்.

நியூசிலாந்தின் மேற்குக் கரைப்பகுதியிலுள்ள ஓட்டாக்கியில் மாவோரியர் எழுப்பிய ரங்கியாத்தேயா ஆலயம் இங்கு ஒப்புநோக்கற்பாலது. தே ரவுப்பராகா என்னும் தலைவரின் ஆதரவோடு, தம் காட்டு மரத்தைத் தாமே வெட்டி, தம் மரபுச் சித்திரங்களால் அணிசெய்து, 1851 அளவில் அவர்கள் அதனை முடித்தனர். மூதாதையர் தாயகமாகக் கருதிய தீவின் பெயரையே அதற்கு இட்டனர். 1995-இல் அது தீக்கிரையானபோது அச்சமுதாயமே முன்னின்றது. 2003-இல் மீண்டும் திறக்கப்பட்டது. (மாவோரி மொழியில் புதிய ஏற்பாட்டை 1837-இல் அச்சிட்ட வில்லியம் கொலென்சோதான், அந்நாட்டு மக்கள் சமையற்கலமாகப் பயன்படுத்திவந்த தமிழ் எழுத்துப் பொறித்த வெண்கல மணியையும் கண்டெடுத்தவர்.) இதனைப் பொற்காலமெனப் போற்றவேண்டியதில்லை, 1863-இன் சட்டத்தால் மாவோரியர் நிலம் பெருமளவிற் பறிக்கப்பட்டது. எனினும் தம் மண்ணில் தாமே கட்டிய ஆலயம் என்னும் உண்மை எஞ்சியது.

எல்கடுவ, உனஸ்கிரிய மலைச்சரிவுகளில் நிலைமை வேறு. மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த தமிழகத் தொழிலாளர் பலர் வழியிலேயே வாந்திபேதிக்கு இரையாயினர். எஞ்சியோர் ஏறிய மலையில் அவர்க்குரிய நிலம் ஓரடியும் இல்லை. 1848-இல் மாத்தளையில் கிளர்ந்தெழுந்த சிங்கள விவசாயியின் கண்ணுக்கோ அவர்களும் அந்நியராயினர். நிலம் இழந்தவனையும் நிலமற்றவனையும் எதிரெதிரே நிறுத்திய இவ்வமைப்பிலேயே 1854-இல் ‘தமிழ்க் கூலி மிஷன்’ தோன்றுகிறது.

பெயரே வர்க்கத்தைச் சொல்கிறது. மிஷனரிமாரைச் சங்கம் அனுப்பியது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமாருக்கான செலவைத் தோட்டத்துரைமார் ஏற்றனர். சம்பளம் கொடுப்பவனும் பிரசங்கத்திற்குப் பணம் கொடுப்பவனும் ஒருவனே ஆகையில், பிரசங்கத்தின் எல்லை யாது என்பதை ஊகித்தல் கடினமன்று. மதம் மாறாத பெரும்பான்மையோரின் மாரியம்மன் கோயிலும் இதற்கு விலக்கன்று. அதுவும் துரையின் நிலத்தில், கங்காணியின் முதன்மையோடு நின்றதே. மதத்தால் வேறுபட்ட ஈரிடமும் உடைமையால் ஒன்றே என்க.

1869-இல் வெளிவந்த ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ இவ்வுறவின் இலக்கியச் சான்றாகும். பெண்கள் கூடியாடும் கும்மி வடிவத்தில் கோப்பிப் பயிர்ச்செய்கை முறை புகட்டப்படுகிறது. மலையக இலக்கியத்தின் தொடக்கத்தை இந்நூலில் காண்போர், அதன் குரல் யாருடையது என்பதையும் கேட்டாக வேண்டும். அது தொழிலாளியின் குரலன்று. தொழிலாளியின் தாளத்தில் ஒலிக்கும் துரையின் குரல். அதே ஆண்டில் இலைநோய் கோப்பியைப் பற்றியது. கோப்பி வீழ்ந்து தேயிலை வந்தது; லயம் மாறவில்லை.

‘கூலி’ என்னும் சொல் பின்னர் மிஷனின் பெயரிலிருந்து நீங்கியது. 1948-இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964-இன் ஒப்பந்தத்தால் பல்லாயிரவர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். தோட்டங்கள் 1975-இல் அரசுடைமையாயின. 1992-இல் முகாமை பிராந்தியக் கம்பனிகளின் கைக்குச் சென்றது, அவற்றுள் ஒன்று எல்கடுவவின் பெயரையே தாங்கியது. இக்கைமாற்றங்கள் எதிலும் தேவாலயமோ அம்மன் கோயிலோ நிற்கும் மண் வழிபடுவோர் பெயருக்கு எழுதப்படவில்லை. லயத்து அறையும் அவ்வாறே.