ஐந்தாம் மண்டலத்து டிவிடி

சென்னையில் காசு கொடுத்து வாங்கிவந்த ஹாலிவுட் டிவிடி, அமெரிக்காவில் என் பிளேயரில் ஓடவில்லை. வட்டில் பழுதில்லை. படநிறுவனங்கள் உலகை மண்டலங்களாகப் பங்கிட்டிருந்தன: வட அமெரிக்கா 1, இந்தியாவும் இலங்கையும் 5.

இதற்கு மேல் சிஎஸ்எஸ் என்ற குறியாக்கப் பூட்டு வேறு. இத்தகைய பூட்டுகளை உடைக்கும் கருவிகளைப் பரப்புவதற்கு 1998இல் அமெரிக்காவின் டிஎம்சிஏ சட்டம் தடை போட்டது. லினக்ஸ் கணினியில் டிவிடி பார்க்க வேண்டும் என்று, 1999இல் 15 வயது நார்வே சிறுவன் யோன் யோஹான்சன் இன்னும் இருவருடன் சேர்ந்து அந்தப் பூட்டைத் திறக்கும் நிரலை வெளியிட்டான். அதைப் பதிப்பித்த பத்திரிகைக்கு அமெரிக்க நீதிமன்றம் 2000இல் தடை விதித்தது. நார்வே நீதிமன்றங்களோ 2003இல் அவனை விடுவித்தன. சொந்தமாக வாங்கிய வட்டைத் திறந்து பார்ப்பது குற்றமல்ல என்றன.

பர்மா பஜார் திருட்டு விசிடிக்கு மண்டலமும் கிடையாது, பூட்டும் கிடையாது. மாட்டிக்கொண்டது காசு கொடுத்து வாங்கியவன்தான்.