வீட்டு உடற்பயிற்சி சைக்கிள்

உடற்பயிற்சி சைக்கிள் என்பது நின்ற இடத்தை விட்டு நகராமல் பெடல் மிதிப்பதற்கான கருவி. பேச்சில் எக்ஸர்சைஸ் சைக்கிள், எக்ஸர்சைஸ் பைக், ஜிம் சைக்கிள் என்று பலவாறாகச் சொல்கிறார்கள். சாலையில் ஓட்டும் சைக்கிளின் பின்சக்கரத்துக்குப் பதிலாக இதில் ஃப்ளைவீல் என்னும் கனமான சக்கரம் இருக்கிறது. அது சுழல்வதைத் தடுக்க ஓர் ஏற்பாடு உண்டு. அந்தத் தடையை மீறி மிதிப்பதுதான் பயிற்சி. இந்தியச் சந்தையில் ஏறக்குறைய 5,000 முதல் 15,000 ரூபாய்க்குள் வீட்டு உபயோகத்துக்கென விற்கப்படும் வண்டிகளே இக்கட்டுரையின் பொருள்.

வரலாறு

லண்டனில் பிரான்சிஸ் லவுண்ட்ஸ் என்பவர் 1796இல் காப்புரிமை பெற்ற ஜிம்னாஸ்டிகான் என்னும் மரக் கருவியை இதன் முன்னோடியாகச் சொல்வது வழக்கம். காலுக்கு மிதிகட்டையும் கைக்குச் சுழற்றும் பிடியும் கொண்ட அக்கருவி, கீல்வாதம் போன்ற நோய்களால் மூட்டு அசைவு குன்றியவர்களுக்காகச் செய்யப்பட்டது. சைக்கிளே அப்போது பிறக்கவில்லை. 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் உடற்பயிற்சி அறையில் நிலையான சைக்கிள்கள் இருந்தன. மிதித்த தூரத்தைக் காட்ட எதிரே பெரிய வட்ட முகப்பும் இருந்தது.

இன்றைய வண்டியின் நேரடி மூதாதை ஜிம்மிலிருந்து வரவில்லை, ஆய்வகத்திலிருந்து வந்தது. டென்மார்க்கின் உடலியங்கியல் அறிஞர் ஆகஸ்ட் க்ரோக், மின்காந்தத்தால் தடை கொடுக்கும் ஒரு சைக்கிளை 1913இல் வெளியிட்டார். மனிதர் செய்யும் வேலையின் அளவைத் துல்லியமாகத் தெரிந்துகொண்டு, அதற்கு எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று கணக்கிடுவது அவர் நோக்கம். இத்தகைய அளவீட்டுச் சைக்கிளுக்கு எர்கோமீட்டர் என்று பெயர். நுண் இரத்தக் குழாய்களைப் பற்றிய ஆய்வுக்காக 1920இல் நோபல் பரிசு பெற்ற க்ரோக், பிறகு தம் மனைவி மரீயின் நீரிழிவு காரணமாக இன்சுலின் தயாரிப்பை டென்மார்க்குக்குக் கொண்டுவந்தவரும் ஆவார். இன்று இந்தச் சைக்கிளை வாங்குவோரில் எத்தனையோ பேர் சர்க்கரைக்காகவே வாங்குகிறார்கள் என்பதால் இந்தத் தகவலுக்கு இங்கே இடமுண்டு.

1954 ஸ்வீடனுக்குரிய ஆண்டு. வில்ஹெல்ம் ஃபான் டோபெல்ன், சக்கரத்தைச் சுற்றி ஒரு பட்டையை இறுக்கி, அந்த இறுக்கத்தை ஊசல் எடையால் அளக்கும் எளிய எர்கோமீட்டரை வடிவமைத்தார்; மோனார்க் நிறுவனத்தின் வண்டிகள் இந்த வழியில் வந்தவை. அதே ஆண்டு பெர்-ஓலோஃப் ஆஸ்ட்ராண்டும் இர்மா ரூமிங்கும், சில நிமிடங்கள் மிதிக்கவைத்து நாடித்துடிப்பிலிருந்தே உடலின் உச்ச ஆக்சிஜன் திறனை மதிப்பிடும் சோதனையை வெளியிட்டார்கள். விண்வெளிக்கும் இக்கருவி போயிற்று. 1973இல் ஸ்கைலாப் நிலையத்தில் ஒன்று இருந்தது. இன்றைய பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இருப்பதற்கு சீட்டே கிடையாது, எடையற்ற இடத்தில் உட்காரத் தேவையில்லை.

பிறகு வியாபாரம் கைக்கொண்டது. 1970களில் அமெரிக்காவில் கணினி முகப்புடன் லைஃப்சைக்கிளும், விசிறிச் சக்கரத்துடன் ஷ்வின் நிறுவனத்தின் ஏர்டைனும் வந்தன. தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஜானி கோல்ட்பெர்க், கலிஃபோர்னியாவில் குழுவாக மிதிக்கும் ‘ஸ்பின்னிங்’ வகுப்புகளைப் பரப்பினார். 2012இல் நியூயார்க்கில் தொடங்கிய பெலோட்டன், சைக்கிளோடு திரையையும் மாதச் சந்தாவையும் சேர்த்தது. இந்திய வீடுகளுக்கு வரும் மலிவு வண்டி இவற்றில் எதன் நகலும் அல்ல. ஸ்வீடன்காரரின் பட்டையை வைத்துக்கொண்டு, அதோடிருந்த அளவுகோலைக் கழற்றிவிட்ட வடிவம் என்று சொல்லலாம். விலை குறைந்தது அதனால்தான்.

தடை கொடுக்கும் முறைகள்

மலிவு வண்டிகளில் இரண்டு முறைகள் பரவலாக உள்ளன. ஒன்று உராய்வு. சக்கரத்தின் விளிம்பைச் சுற்றிய பட்டையோ, மேலிருந்து அழுத்தும் கம்பளித் துண்டோ, திருகைத் திருக இறுகும். பட்டை தேயும், சூடாகும், நாளானால் கீச்சிடும். ஆனால் மாற்றுவது எளிது. கடைகளில் ‘ஏர் பைக்’ என்று விற்கும், கைப்பிடியும் முன்னும் பின்னும் ஆடும் மலிவு வண்டிகளில் பலவற்றின் உண்மையான தடை இந்தப் பட்டைதான், காற்றல்ல. முழுமையான காற்றுத் தடை வண்டியில் பெரிய விசிறி இருக்கும், வேகமாக மிதிக்க மிதிக்கத் தானே கடினமாகும், விலையும் பல மடங்கு.

இன்னொன்று காந்தம். உலோகச் சக்கரத்தின் அருகே நிலைக்காந்தங்களைக் கொண்டுபோனால் சக்கரத்தில் சுழல் மின்னோட்டம் தோன்றி அதன் வேகத்தைத் தடுக்கும். எதுவும் எதையும் தொடுவதில்லை என்பதால் தேய்மானமும் சத்தமும் குறைவு. அடுக்குமாடிக் குடியிருப்பில், காலை ஐந்து மணிக்கு மிதிக்க நினைப்பவர் கூடுதலாக இரண்டாயிரம் மூவாயிரம் கொடுத்து இதையே வாங்கலாம். எட்டு நிலை, பதினாறு நிலை என்று விளம்பரத்தில் வருவதை வைத்து இரண்டு வண்டிகளை ஒப்பிட முடியாது. ஒன்றின் நான்காம் நிலை மற்றொன்றின் எட்டாம் நிலையாக இருக்கலாம்.

மீட்டர் காட்டுவது என்ன?

கைப்பிடிக்கு நடுவே இருக்கும் சிறிய திரையில் நேரம், வேகம், தூரம், கலோரி மாறிமாறி வரும். பின்னால் இருக்கும் ஏற்பாடு மிகச் சாதாரணமானது. சுழலும் பாகத்தில் ஒரு சிறு காந்தம். பக்கத்தில் ஓர் உணரி. ஒரு சுற்றுக்கு ஒரு துடிப்பு. திரை எண்ணுவது சுற்றுகளை மட்டுமே. தடைத் திருகு எவ்வளவு இறுகியிருக்கிறது என்பது மலிவு வண்டியின் மீட்டருக்குத் தெரியவே தெரியாது. திருகை முழுக்கத் தளர்த்தி இருபது நிமிடம் சுழற்றினாலும், முழுக்க இறுக்கி மூச்சு வாங்க அதே எண்ணிக்கையில் மிதித்தாலும் கலோரிக் கட்டத்தில் ஒரே எண்தான் வரும். உடற்பயிற்சிக் கருவிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 20957 தரநிலை, வீட்டு உபயோகத்துக்கு ‘எச்’ என்றும் குறைந்த துல்லியத்துக்கு ‘சி’ என்றும் பிரிவுகளை வைத்திருக்கிறது. மலிவு வண்டியின் பெட்டியிலோ கையேட்டிலோ இவ்விரண்டு எழுத்துகளும் சேர்ந்து இருந்தால், அளவீட்டை நம்பாதே என்று தயாரிப்பாளரே சொல்லிவிட்டதாகக் கொள்ளலாம்.

கணக்கு வேண்டுமென்றால் தாமே போடலாம். 60 கிலோ எடையுள்ளவர் பேச்சு தடைபடாத அளவுக்கு, சுமார் 50 வாட் திறனில், அரை மணி நேரம் மிதித்தால் ஏறக்குறைய 105 கலோரி செலவாகும். இரண்டு இட்லி. நன்றாக வியர்க்க 100 வாட் அளவில் மிதித்தால் அது 200 கலோரிக்குப் பக்கத்தில் போகும். இதில் பெடலைச் சேர்வது கால்பங்கு அல்லது அதற்கும் குறைவு, மிச்சம் உடலின் வெப்பமாகப் போய்விடும். அந்த அரை மணி நேர 100 வாட் உழைப்பை ஒரு சொட்டும் வீணாகாமல் மின்சாரமாக்கினால் 75 வாட் மின்விசிறி ஒன்று நாற்பது நிமிடம் ஓடும். எடையைக் குறைக்க இந்த வண்டி மட்டும் போதும் என்று எண்ணுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பது நல்லது. இரத்த அழுத்தம், சர்க்கரை, மூச்சுத் திறன் ஆகியவற்றில் கிடைக்கும் பலன் வேறு கணக்கு. அதற்கு எடை குறையும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வாங்கும்போது

நேராக உட்காரும் சாதாரண வகை, முன்குனிந்து மிதிக்கும் ஸ்பின் வகை, முதுகுச் சாய்வுடன் கால்களை முன்னே நீட்டி மிதிக்கும் சாய்வு வகை, மடித்துச் சுவரோரம் வைக்கும் வகை என நான்கும் சந்தையில் உள்ளன. நாற்காலியில் உட்கார்ந்து மிதிக்கும் வெறும் பெடல் கருவி 2,000, 3,000 ரூபாய்க்குக் கிடைக்கும். படுக்கையிலிருந்து எழுந்து தேறிவரும் முதியவருக்கு உதவும், மற்றவர்களுக்குத் தடை போதாது. முதுகுவலி உள்ளவர்களுக்கும் ஏறி இறங்கச் சிரமப்படுபவர்களுக்கும் சாய்வு வகையே ஏற்றது, ஆனால் விலையும் இடமும் அதிகம். ஸ்பின் வகையில் ஓர் எச்சரிக்கை. பலவற்றில் சக்கரமும் பெடலும் ஒன்றோடொன்று பிணைந்தவை. காலை நிறுத்தினாலும் பெடல் சுற்றிக்கொண்டே இருக்கும். தடைத் திருகை அழுத்தித்தான் நிறுத்த வேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியது திரையை அல்ல, சீட் கம்பியை. உடலின் எடையில் பெரும்பகுதி அதன் மேல்தான். விலை உயர்ந்த வண்டிக்கும் இது பலவீனமான இடம் ஆகலாம்: சீட் கம்பி முறிந்த புகார்களால் 2023 மே மாதம் அமெரிக்காவில் பெலோட்டனின் சுமார் 22 லட்சம் சைக்கிள்கள் திரும்ப அழைக்கப்பட்டு, மாற்றுக் கம்பி கொடுக்கப்பட்டது. மலிவு வண்டியில் ஏறி உட்கார்ந்து இடவலமாக அசைந்து பார்த்தால் தெரிந்துவிடும். கம்பி குழாய்க்குள் ஆடினால் வேண்டாம். 100 கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தால் 80, 85 கிலோ உள்ளவர்களுக்கானது என்று எடுத்துக்கொள்வது விவேகம்.

அடுத்தது உயரம். பல வண்டிகளில் சீட்டின் மிகத் தாழ்ந்த நிலையே ஐந்தடிக்குக் குறைவான பெண்களுக்கு உயரமாக இருக்கும். மகன் இணையத்தில் தள்ளுபடி பார்த்து அம்மாவுக்கு வாங்கி அனுப்பும் வண்டி மூலையில் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கால் எட்டவில்லை என்று அம்மா சொல்ல மாட்டார், முட்டி வலிக்கிறது என்பார்.

பொருத்தும்போது

இணையத்தில் வாங்கினால் அட்டைப் பெட்டியில் பாகங்களாக வரும். ஸ்பேனரும் உள்ளேயே இருக்கும். இதில் வண்டியைக் கெடுக்கும் வாய்ப்புள்ள இடம் ஒன்றுதான், அது இடப்பக்கப் பெடல். வலப்பெடலின் மரை வழக்கமானது. இடப்பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். மிதிக்கும்போது தானே கழன்றுவிடாமலிருக்க இந்த ஏற்பாடு. அதை இடஞ்சுழியாகத் திருகினால்தான் இறுகும். தெரியாமல் வலஞ்சுழியாக ஸ்பேனர் போட்டு அழுத்தினால் பெடலைத் தாங்கும் கிராங்கின் மரை பிய்ந்துவிடும், பிறகு எத்தனை முறை இறுக்கினாலும் பெடல் தொங்கும். முதல் நான்கைந்து சுற்றுகளைக் கையாலேயே திருகி, நேராக ஏறுகிறதா என்று பார்த்த பின்பே ஸ்பேனரைத் தொட வேண்டும்.

ஒரு வாரம் மிதித்த பிறகு கிராங்க் நட்டுகளையும் பெடல்களையும் இன்னொரு முறை இறுக்குவது அவசியம். ஒரு மிதிச் சுற்றுக்கு ஒரு முறை ‘டக்’ என்று கேட்டால் கோளாறு பெடலிலோ கிராங்கிலோ இருக்கும். அதைவிட விரைவாகச் சத்தம் வந்தால் சக்கரத்தின் பேரிங்கையோ பெல்ட்டையோ பார்க்க வேண்டும். பெடல் போன்ற சில பாகங்கள் பெரும்பாலும் சாதாரண சைக்கிள் அளவுதான் என்பதால் கம்பெனி ஆளுக்காகக் காத்திராமல் தெருமுனை சைக்கிள் கடைக்காரரிடமே காட்டலாம்.

பயன்படுத்தும் முறை

சீட் உயரத்துக்கு எளிய வழி: உட்கார்ந்து, பெடலை அடியில் நிறுத்தி, குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டி இலேசாக மடங்கியிருக்கும். சீட் தாழ்ந்திருந்தால் முட்டியின் முன்புறம் வலிக்கும். உயர்ந்திருந்தால் இடுப்பு இடவலமாக ஆடும்.

பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை. புதியவர் பத்து நிமிடத்தில் தொடங்கலாம். தடையைக் குறைவாக வைத்து நிமிடத்துக்கு 60 சுற்று என்ற அளவில் மிதித்து, உடல் பழகப் பழக நேரத்தை முதலிலும் தடையைப் பின்னாலும் கூட்டுவது முறை. மிதம் என்பதற்கு மூச்சே அளவுகோல்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. கைப்பிடியில் உள்ள நாடி உணரி அவ்வளவு நம்பகமல்ல. இரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடித்துடிப்பே அதிகம் ஏறாது, அவர்கள் எண்ணைத் துரத்திக் கூடுதலாக மிதிப்பது ஆபத்து. இன்சுலினோ சில சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை திடீரென இறங்கலாம். மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கி, பக்கத்தில் இனிப்பாக ஏதாவது வைத்திருக்க வேண்டும். நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

உடல் எடையைச் சீட் தாங்குவதால் முட்டித் தேய்மானம் உள்ளவர்களுக்கு இப்பயிற்சி நடையைவிட எளிது. அதே காரணத்தால் எலும்புக்கு இதில் பெரிய பலன் இல்லை. மாதவிடாய் நின்ற பெண்கள் நடப்பது, மாடிப்படி ஏறுவது, எடை தூக்குவது ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சாலையில் ஓட்டும்போது எதிர்க்காற்று உடலைக் குளிர்விக்கும். வீட்டுக்குள் அது கிடையாது. சித்திரை வைகாசியில் மூடிய அறையில் மிதிப்பதைத் தவிர்த்து, விசிறிக்கு நேராக வண்டியைப் போடுவது நல்லது. சேலைத் தலைப்பு, துப்பட்டா, வேட்டி, லுங்கி ஆகியவை சுழலும் பாகத்தில் சிக்கும். திறந்த சக்கரம் உள்ள வண்டியில் குழந்தைகளின் விரலும் சிக்கும். அவர்கள் இருக்கும் வீட்டில், மிதித்து முடித்ததும் தடையை முழுக்க இறுக்கிவிட்டு இறங்க வேண்டும்.

பராமரிப்பும் பழைய வண்டியும்

வியர்வையின் உப்பு கைப்பிடித் திருகுகளையும் சீட் கம்பியையும் அரிக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். மிதித்ததும் துணியால் துடைத்துவிட்டால் போதும். அடியில் ரப்பர் விரிப்பு போட்டால் தரையும் தப்பும், கீழ்வீட்டாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். பல மாதம் ஓட்டப்போவதில்லை என்றால் மீட்டரிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். கசிந்தால் மீட்டர் வீண்.

ஆர்வத்தில் வாங்கிச் சில மாதங்களில் கைவிடுபவர்கள் நிறைய என்பதால் பழைய வண்டிகள் விற்பனைக்கு வந்துகொண்டே இருக்கும், நல்ல நிலையிலும் பாதி விலைக்குக் கிடைக்கும். நேரில் போய்ப் பத்து நிமிடம் மிதித்துப் பார்த்து வாங்கலாம். சீட் கம்பி ஆடாமல், கிராங்கின் மரை பிய்யாமல், பேரிங் கரகரக்காமல் இருந்தால் மீட்டர் செத்துப்போயிருந்தாலும் அந்த வண்டி வாங்கத் தக்கதே.