சக்கையின் விலை

சக்கை என்ற சொல்லை நாம் ஏளனமாகத்தான் பயன்படுத்துகிறோம். சாறு போனால் மிச்சம் சக்கை. உழைப்பாளியைப் பிழிந்து சக்கையாக எறிந்துவிட்டார்கள் என்று மேடையில் பேசாத தொழிற்சங்கக்காரர் இல்லை. சாரம்/சக்கை என்ற இந்த இருமை எதிர்வு நமது விமர்சனத்திலும் உண்டு. கவிதையில் சாரம் எது, சக்கை எது என்று தரம்பிரித்தே காலத்தை ஓட்டியிருக்கிறோம் (நானும்தான்). ஆனால் சக்கை எரியக்கூடியது. அந்த எரிதலுக்கு ஒரு விலை உண்டு. சொல் அதை மறைத்துவிடுகிறது. இந்த மறைப்புக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது காகிதத்தோடு சம்பந்தப்பட்டது. அதாவது, எழுதி அச்சடித்துக்கொண்டிருக்கிற நம்மோடும்.

அய்யம்பேட்டை, கணபதி அக்ரகாரம் பக்கம் மார்கழியில் போனவர்களுக்குத் தெரியும். பொங்கலுக்கு வெல்லம் காய்ச்சுவார்கள். ஆட்டி எடுத்த சாறு கொப்பரையில். ஆட்டின சக்கை வெயிலில் காய்ந்து அதே கொப்பரைக்கு அடியில். கரும்பு தன் சாற்றைத் தானே காய்ச்சிக்கொள்கிறது. சின்ன வயதில் சித்தப்பாவோடு போய் நான் பார்த்த கொட்டகையில் பாகுப் பதம் பார்ப்பவருக்குத்தான் மரியாதை. அடுப்பு வாயில் குனிந்து சக்கை தள்ளியவர் சேரியிலிருந்து வந்தவர். அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ‘ஏய், தீ கொறையுது பாரு’ என்று குரல் மட்டும் வரும். பதம் தவறினால் பழி அவர்மேல். தீயை எரியவைக்கிற அறிவு எவருடைய கணக்கிலும் அறிவாக ஏறுவதில்லை. இருந்தாலும் அந்தக் கொட்டகையில் ஒன்று தெளிவாக இருந்தது: கரும்பு யாருடையதோ சக்கையும் அவருடையது.

சர்க்கரை ஆலை இதே அடுப்பின் பெரிய வடிவம். 100 டன் கரும்பை அரைத்தால் ஏறத்தாழ 30 டன் சக்கை மிஞ்சும். அதில் பாதி ஈரம். அதை எரித்துத்தான் ஆலையின் நீராவியும் மின்சாரமும். வித்தியாசம் எடைமேடையில் இருக்கிறது. 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை எந்தக் கரும்பு எந்த ஆலைக்கு என்று எல்லை வகுக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. விலை கரும்பின் எடைக்கும் சர்க்கரைப் பிழிதிறனுக்கும். வண்டி எடைமேடையைத் தாண்டியதும் சக்கையும், அதற்குள் இருக்கிற தீயும் ஆலைக்குச் சொந்தம். யாரும் கேட்கவில்லை, அது சக்கைதானே.

கேட்டது காகிதம். அதுவரை இந்தியக் காகித ஆலைகள் பெரும்பாலும் மூங்கிலையும் மரத்தையும் தின்றுகொண்டிருந்தன. கர்நாடகத்தில் தண்டேலி ஆலைக்கு மூங்கில் என்ன அடிமாட்டு விலைக்குப் போனது, கூடை முடைகிறவர்கள் எப்படித் தவித்தார்கள் என்பதைச் சூழலியலாளர் மாதவ் காட்கில் விரிவாக எழுதியிருக்கிறார். இந்தப் பின்னணியில்தான் 1979இல் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் (டிஎன்பிஎல்) அரசால் தொடங்கப்படுகிறது. இடம் காவிரிக்கரைப் புகளூர், அப்போது திருச்சி மாவட்டம். உலக வங்கிக் கடன் உண்டு. 1984இல் உற்பத்தி, ஆண்டுக்கு 90,000 டன் திறன். மூலப்பொருள் முதன்மையாகக் கரும்புச் சக்கை. மரத்தை வெட்டாத காகிதம் என்று நாமெல்லாம் மகிழ்ந்தோம்.

ஆனால் சக்கையைக் கொடுத்துவிட்டால் சர்க்கரை ஆலை எதை எரிக்கும்? இங்கேதான் விஷயம். காகித ஆலை பண்டமாற்றுக்கு வந்தது: சக்கையைக் கொடு, எரிபொருள் தருகிறேன். சர்க்கரை ஆலைகளில் நிலக்கரி எரிக்கும் கொதிகலன்கள் வைக்கப்பட்டன. சக்கைக்கு ஒரு விலை இருப்பது முதல்முறையாக வெளியே தெரிந்தது, ரூபாயில் அல்ல, வெப்பத்தில். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் பாதி ஈரம்தான். சக்கைக்குச் சரியான ஜோடி. நெருப்பு அணையவில்லை, இடம் மாறியது. மூங்கில் காட்டில் மிச்சமானது, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமங்களின் கணக்கில் ஏறியது.

வைக்கோலை ஏன் விட்டார்கள் என்று டெல்டாக்காரர்கள் கேட்பார்கள். குறுவை, சம்பா என்று மலைமலையாய்க் குவிகிறதே. காரணம் மறுபடியும் எரிப்புதான். சக்கையைக் காரத்தில் வேகவைத்தால் நார் ஒருபக்கம், கரிய திரவம் ஒருபக்கம். தாவரத்தின் லிக்னின் எல்லாம் அந்தத் திரவத்தில் கரைந்திருக்கும். அதைச் சுண்டவைத்து மீட்புக் கொதிகலனில் எரித்தால் நீராவியும் கிடைக்கும், போட்ட சோடாவும் திரும்பிவரும். பெரிய காகித ஆலை உயிர்வாழ்வது இந்தத் தீயால். வைக்கோலில் சிலிக்கா மிக அதிகம். அது குழாய்களில் படிந்து அடைத்துக்கொள்கிறது, திரவம் ஒழுங்காகச் சுண்டாது. இப்படி எரிக்க வசதியில்லாத சிறு வைக்கோல் காகித ஆலைகள் நாட்டின் பல பகுதிகளில் கரிய திரவத்தை அப்படியே ஆற்றில் விட்டன. எரிக்க முடியாதது ஆற்றுக்கு. சக்கையிலும் சிலிக்கா உண்டு, சமாளிக்கக்கூடிய அளவில். அதன் மெத்தென்ற உட்சோற்றைப் பிரித்துத் தனியே எரித்துவிடுகிறார்கள்.

1990களின் நடுவில் கதை திரும்பியது. சக்கையை எரித்து மின்சாரம் விற்கலாம் என்று அரசே ஊக்கம் கொடுத்தது. பாபநாசம் பக்கம் திருமண்டங்குடி ஆலையும் இணை மின் உற்பத்தியில் இறங்கியது. இப்போது காகிதமும் மின்கம்பியும் ஒரே சக்கைக்குப் போட்டி. எடைமேடையில் மட்டும் எதுவும் மாறவில்லை. 2012இல் ரங்கராஜன் குழு துணைப்பொருள்களையும் விலைக்கணக்கில் சேர்த்தது: சர்க்கரை, சக்கை, மொலாசஸ் எல்லாம் சேர்ந்த மதிப்பில் 70 சதவீதம், அல்லது சர்க்கரை மட்டும் என்றால் 75 சதவீதம் விவசாயிக்கு. மொத்தத் துணைப்பொருளும் அந்த 5 சதவீத வித்தியாசத்துக்குள் சுருட்டப்பட்டது. தமிழ்நாட்டில் 2018இல் வருவாய்ப் பகிர்வு முறை சட்டமானபோது விவசாயிகள் எதிர்த்தார்கள். பழையபடி மாநில அரசு விலையை அறிவிக்கட்டும் என்றார்கள். அதை விவரமில்லாத பிடிவாதம் என்று சொன்னவர்கள் எடைமேடையில் நின்றிருக்கமாட்டார்கள்.

திருமண்டங்குடி ஆலை நொடித்துக் கைமாறியது. கரும்பு நிலுவைக்காகவும், தங்கள் பெயரில் பழைய நிர்வாகம் வாங்கியதாக அவர்கள் சொல்லும் வங்கிக்கடனுக்காகவும் விவசாயிகள் 2022 நவம்பர் 30 முதல் ஆலை எதிரே உட்கார்ந்தார்கள். போராட்டம் ஓராண்டைத் தாண்டியது. அந்தப் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவரிடம் பிறகு ஒருநாள் சக்கையைப் பற்றிக் கேட்டேன். ‘அதுக்கு ஏதுங்க தம்பி காசு’ என்றார். டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய எடைச்சீட்டுகளை எடுத்து விரித்தார். மொத்த எடை, வண்டி எடை, கழிவு, நிகர எடை. வேறு கட்டம் இல்லை.